24 சொற்களை எங்கே வைப்பது?

“மீட்புச் சொற்களை எழுதி வை, யாருக்கும் காட்டாதே, யாருக்கும் சொல்லாதே.” பிட்கொயின் மாதிரியான கிரிப்டோ, அதாவது இணையப் பணம், வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் அறிவுரை இதுதான். கருவி தொலைந்தாலும் அந்தப் பணத்தை மறுபடி திறக்க உதவும் 24 ஆங்கிலச் சொற்கள்தான் மீட்புச் சொற்கள். தவறான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சொற்களை யாரிடமோ காட்டிவிட்டு மொத்தத்தையும் இழந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்துகொண்டு அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ இடிக்கிறது. தனி வீடு, தனி அறை, பூட்டுப் போட்ட மேசை, கூப்பிட்டதும் வந்து நிற்கும் தீயணைப்பு வண்டி எல்லாம் உள்ள ஒருவரை மனதில் வைத்துச் சொன்ன வார்த்தை அது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஓர் அறை அளவே உள்ள லயக் காம்பராவில் இருந்தபடியே மடிக்கணினியில் வெளிநாட்டுக்கு வேலை செய்யும் பிள்ளைக்கு அது பாதிதான் பொருந்தும். மற்றப் பாதி என்ன என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னணியை நீட்ட வேண்டியதில்லை. பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி இலங்கையில் நீண்ட காலம் கிடைக்கவில்லை. அதனால் இணையத்தில் வேலை எடுத்துச் செய்யும் பிள்ளைகளில் சிலர் கூலியைக் கிரிப்டோவாக வாங்கப் பழகினார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, வாங்கியதை ரூபாயாக மாற்றாமல் விட்டுவைக்கும் எண்ணமும் வந்தது. மத்திய வங்கி இதைச் செல்லுபடியாகும் பணமாக ஏற்கவில்லை. வாங்குவதற்கு வங்கி அட்டையைப் பாவிக்கவும் அனுமதி இல்லை. பொதுமக்களைப் பல தடவை எச்சரித்தும் இருக்கிறது. அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது; வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவன் அதை எப்படிப் பத்திரப்படுத்துவது, அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் கைக்கு அது எப்படிப் போய்ச் சேர்வது, இவ்வளவுதான் என் கவலை.

கவருக்குள் இருந்த அட்டை

என்னிடம் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்த பையன் ஒருவன். நோர்வூட் பக்கத்துத் தோட்டம். உயர்தரம் முடிந்ததும் கூட்டாளிகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போக, இவன் வீட்டிலேயே இருந்து வீடியோ எடிட்டிங் பழகினான். இஸ்தோப்பில் ஒரு பலகையைப் போட்டு அதையே மேசையாக்கிக்கொண்டான். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கூலியைப் பிட்கொயினாகக் கொடுத்தார். 2022 நவம்பரில், கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தையான எப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்து, அதில் பணம் போட்டிருந்தவர்கள் திகைத்து நின்ற செய்தி வந்ததும், இனி எக்ஸ்சேஞ்சில் விட்டுவைக்கக் கூடாது என்று முடிவெடுத்தான். துபாயிலிருந்து வந்த உறவினர் மூலமாக ஒரு லெட்ஜர் கருவியை எடுப்பித்தான். விரல் நீளம்தான் இருக்கும். பணத்தை எடுக்கத் தேவையான ரகசியச் சாவியை இணையத்துக்கு வெளியே, தனக்குள்ளேயே வைத்திருக்கும் கருவி. அவன் செய்தது எல்லாம் முறையாகவே செய்தான். சொற்களைப் போனில் படம் எடுக்கவில்லை, மின்னஞ்சலில் போடவில்லை, யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு வீதி விபத்தில் போய்விட்டான்.

கருமாதி முடிந்த சில நாட்களில் அவனுடைய அக்கா அந்தக் கருவியோடு வந்தாள். “சேர், இதுல தம்பி காசு வச்சிருந்தானாம். வேலை குடுத்தவர் அவன் போனுக்கு மெசேஜ் போட்டிருந்தாரு” என்றாள். கருவியை மின்சாரத்தில் போட்டதும் பின் இலக்கம் கேட்டிருக்கிறது. தம்பியின் பிறந்த திகதியைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அம்மாவுடையதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இன்னும் ஒரு தடவைதான் மிச்சம் என்று திரை காட்டியதும் பயந்து நிறுத்திவிட்டாள். நல்ல வேளை. லெட்ஜரில் மூன்று தடவை பின் பிழைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். திருடன் கையில் கிடைத்தால் ஊகித்து ஊகித்துத் திறக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அப்போது எனக்கு ஸ்டீபன் தோமஸ் நினைவுக்கு வந்தார். 7,002 பிட்கொயினுக்கான சாவியை அயன்கீ என்ற, கடவுச்சொல் கேட்கும் பென் டிரைவில் பூட்டி வைத்துவிட்டு, கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்தவர். பத்துத் தடவை பிழைத்தால் அந்த டிரைவ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். 2021இல் அவருடைய கதை செய்தியானபோது எட்டு முடிந்து இரண்டு மிச்சம் இருந்தது. அவரிடம் வேறு பிரதி இல்லை. இந்த வீட்டில் இருக்கக்கூடும். “கருவியோட ஒரு சின்ன அட்டை வந்திருக்கும் பிள்ளை. 1லிருந்து 24 வரை இலக்கம் போட்டு, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லா எழுதியிருக்கும். எங்கேயாவது பார்த்தீங்களா?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “அது கவருக்குள்ள இருக்கு சேர்” என்றாள்.

கவர் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அநேகமாக எல்லா வீட்டிலும் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கும். பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, சேமலாப நிதித் தாள், பாட்டனுடைய பழுத்துப்போன பிரஜாவுரிமைப் பத்திரம். 1948இல் ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் மலையகத் தமிழ்ச் சமூகத்தையே நாடற்றதாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003இல்தான் ஒரு சட்டம் முடிவு கட்டியது. அந்த அரை நூற்றாண்டு முழுக்க, எந்தத் தாள் எப்போது கேட்கப்படும் என்று தெரியாமலே எங்கள் தாத்தாக்களும் அம்மாயிகளும் தாளைக் காத்தார்கள். வாசிக்கத் தெரியாத தாளையும் காத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அந்தப் பையனின் அம்மா சொன்னது இது: “அவன் எழுத்துங்க சேர். என்னான்னு எனக்குத் தெரியாது. ஆனா கவருக்குள்ள கெடக்குற எதையும் நாங்க எறிய மாட்டோம்.”

வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவருடைய ஹார்ட் டிரைவ் 2013இல் வீட்டுக் குப்பையோடு போய்விட்டது. அதில் ஏறத்தாழ 8,000 பிட்கொயினுக்கான சாவி இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வருடக்கணக்காகப் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. அந்த டிரைவை எந்தக் கள்வனும் திருடவில்லை. அது பார்ப்பதற்கு வீட்டில் கிடக்கும் இன்னொரு பழைய சாமானாக இருந்தது, அவ்வளவுதான். “யாரும் தேடாத இடத்தில் ஒளித்து வை” என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். யாரும் தேடாத இடம் பெரும்பாலும் யாரும் மதிக்காத இடமாகவும் இருக்கும். புத்தகத்துக்குள் செருகிய தாள் பழைய பேப்பர்காரரிடம் போகும். மெத்தைக்குள் தைத்தது மெத்தையோடு போகும். அந்தப் பையன் தன் அட்டையை, வீட்டில் எல்லோரும் மதிக்கும் ஒரே உறைக்குள் வைத்தான். அவன் செய்ததிலேயே மிகச் சரியான காரியம் அது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பிழை

அட்டை கிடைத்தது. ஆனால் முழுதாகக் கிடைக்கவில்லை. நான்காக மடித்து வைத்திருந்தான். எங்கள் பக்கத்து ஈரம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் அலுமாரிக்குள் மடித்து வைத்த சட்டையே பூஞ்சணம் பிடிக்கும். உறையின் வாய் சரியாக மூடாமல் ஈரம் உள்ளே போய், மடிப்பில் இருந்த ஜெல் பேனா மை ஊறிப் பரவியிருந்தது. 24இல் 22 சொற்கள் தெளிவாக இருந்தன. ஒன்றில் முதல் நான்கு எழுத்து மட்டும் தெரிந்தது. இன்னொன்று வெறும் நீலக் கறை. அக்கா அதை அப்படியே டவுனுக்குக் கொண்டுபோய் போட்டோ கொப்பி எடுத்து லெமினேட் பண்ண நினைத்திருக்கிறாள். பிறப்புச் சான்றிதழுக்கு எல்லோரும் செய்வது அதுதானே. வழியில் என்னிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்ததால் தப்பியது. கடையில் கொப்பி எடுப்பவரின் கண்ணுக்கு அந்தச் சொற்கள் தெரிந்தால் போதும், கருவியே தேவையில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தப் பணத்தை அனுப்பிவிடலாம்.

இந்தச் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 2013இல் முன்மொழியப்பட்ட பிப் 39 என்ற முறையில் ஒரு நிலையான பட்டியல் இருக்கிறது. சரியாக 2,048 சொற்கள். ஆங்கிலப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்தும் ஒன்றாக அமையாதபடி பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். ஆக, நான்கு எழுத்துத் தெரிந்த சொல் முழுதாகக் கிடைத்த மாதிரிதான். மிச்சம் அந்த நீலக் கறை. 24 சொற்களில் 256 பிட் அளவு ரகசியமும், கடைசியில் 8 பிட் அளவு சரிபார்ப்பும் இருக்கும். அதனால் கண்டபடி ஒரு சொல்லை அந்த இடத்தில் போட்டால் வொலட், அதாவது சாவிகளை வைத்திருக்கும் பணப்பை, ஏற்காது. 8 பிட் என்றால் 256 வகை; ஆகவே 256க்கு ஒன்றுதான் சரிபார்ப்பில் தேறும். 2,048ஐ 256ஆல் வகுத்தால் 8. அதாவது அந்தக் கறை இருந்த இடத்துக்குச் சராசரியாக எட்டுச் சொற்களே பொருந்தும். இரண்டு சொல் முழுதாகப் போயிருந்தால் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள், அதில் பதினாறாயிரம் அளவு தேறும். அதையும் கணினி பார்த்துவிடும். சொற்கள் இன்னும் கூடக்கூடக் கை மீறிப் போகும். இதைத் தற்செயலான நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். தாள் ஊறும், மை அழியும் என்று யோசித்து ஒருவர் முன்கூட்டியே செய்து வைத்த வேலை.

இதற்கென்று இணையத்தில் தளங்கள் இருக்கின்றன. “உங்கள் சொற்களைப் போடுங்கள், விடுபட்டதைக் கண்டுபிடித்துத் தருகிறோம்” என்பார்கள். அதில் தட்டினால் கதை முடிந்தது. நாங்கள் ஒரு பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிரைவைக் கழற்றிவிட்டு, டெயில்ஸ் என்ற லினக்ஸ் முறைமையைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினோம். வைபை இல்லை, கேபிள் இல்லை. அணைத்ததும் அதன் நினைவில் எதுவும் தங்காது. மூலநிரல் வெளிப்படையாக உள்ள ஒரு கருவி நிரலை முன்பே இறக்கி வைத்து, அதில் சொற்களைக் கொடுத்தோம். தேறிய ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு வேறு வொலட் பிறக்கும், வேறு வேறு முகவரிகள் வரும். அவற்றில் எது அவனுடையது? இங்கேதான் வேலை கொடுத்தவரின் மெசேஜ் உதவியது. பணம் அனுப்புவதற்காகப் பையன் அவருக்குக் கொடுத்திருந்த முகவரி அதில் இருந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு வொலட்டின் தொடக்க முகவரிகளில் ஒன்று, எழுத்துக்கு எழுத்து அதோடு பொருந்தியது. முகவரி என்பது யாருக்கும் கொடுக்கக்கூடியது, அதைக் கொண்டு பணத்தை எடுக்க முடியாது. ஆனால் சொற்கள் சரியா என்று சொல்லும் சாட்சியாக அது போதும்.

இப்போது சொற்கள் இருக்கின்றன, திறக்க ஒரு கருவி வேண்டும். புதிதாக வாங்க அவர்களுக்கு வசதியில்லை. இன்னொருவர் பாவித்த கருவியை வாங்குவது ஆபத்து. இருக்கும் கருவியோ பின் கேட்டுக்கொண்டு, ஒரு தடவை மிச்சம் என்று நிற்கிறது. அதைத் திறக்க ஒரே வழி, வேண்டுமென்றே மூன்றாவது தடவையும் பிழையாகப் போடுவது. அது தன்னை அழித்துக்கொள்ளும். அழிந்த பிறகு புதுக் கருவி மாதிரி விழித்து, சொற்களைக் கேட்கும்.

அந்த அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. மகன் வைத்துவிட்டுப் போன சாமான். அதில் அவன் விரல் பட்டிருக்கிறது. அதை அழி என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாய்க்கு மனம் வரும்? “அழிஞ்சு போனா அவன் வச்சதெல்லாம் போயிடாதா சேர்?” என்று கேட்டார். கணக்கெல்லாம் அங்கே உதவாது. நான் சொன்னது இதுதான்: “அம்மா, இந்தக் கருவி அடையாள அட்டை மாதிரி. அந்தத் தாள் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அடையாள அட்டை தொலைஞ்சா என்ன செய்வோம்? பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டி மறுபடி எடுப்போம். பிறப்புச் சான்றிதழ் நம்ம கையில இருக்கு.” அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். கறை இருந்த இடத்தில் மகள் இப்போது பென்சிலால் எழுதியிருந்த சொல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு மகளிடம், “போடு” என்றார். அக்காவால் முடியவில்லை, விரல் பொத்தானுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் அம்மாவே கருவியை வாங்கி, மகள் காட்டிக்கொடுத்தபடி இலக்கங்களை அழுத்தினார். திரை வெறுமையானது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் வரவேற்புச் செய்தி வந்தது. 24 சொற்களையும் ஒவ்வொன்றாகக் கருவியிலேயே ஏற்றினோம், புதுப் பின் வைத்தோம், மடிக்கணினியில் செயலியைத் திறந்ததும் இருப்பு வந்து நின்றது.

எவ்வளவு என்று எழுத மாட்டேன். கூரைத் தகரம் மாற்றவும் அக்காவின் படிப்புக்கும் உதவும் தொகை.

பழைய அட்டை பல பேர் கண்ணில் பட்டுவிட்டதாலும், சொற்களை ஒரு கணினியில் தட்ட வேண்டி வந்ததாலும், கருவியில் புதிதாக 24 சொற்களை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுவதென்று முடிவெடுத்தோம். அதோடு அடுத்த கேள்வி வந்தது. இந்தப் புதுச் சொற்களை எங்கே வைப்பது?

மழை, தீ, மண்

லயத்தில் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்காது. ஒரே கூரை, ஒரே வரிசை, நடுவில் பலகையும் தகரமும். இரவில் ஒரு வீட்டில் பிடித்த தீ விடிவதற்குள் வரிசை முழுவதையும் எடுத்துவிடும். உடுத்த துணியோடு வெளியே ஓடி வந்தவர்கள், பாடசாலை மண்டபத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். அதனால் தாள் மட்டும் போதாது. எவர்சில்வர் தகடு எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 304 வகை எவர்சில்வர் ஏறத்தாழ 1,400 பாகை செல்சியஸில்தான் உருகும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும், வீட்டுத் தீ அந்தச் சூட்டைத் தாண்டும். அலுமினியத் தகட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். எழுத்தைச் சுரண்டுவதைவிட, இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் எழுத்து அச்சுகளை வைத்துச் சுத்தியலால் அடிப்பது நல்லது. ஆழமாக இறங்கும், கரி பிடித்தாலும் வாசிக்கலாம். முதல் நான்கு எழுத்து போதும் என்பதால் 24 சொல்லையும் உள்ளங்கை அளவு தகட்டில் அடித்துவிடலாம். பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்துச் செய்விக்காதீர்கள். அடிக்கும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டால் கேட்கட்டும். எழுத்து யாருக்கும் தெரியக் கூடாது.

தகடு தீயைத் தாங்கும், மண்சரிவைத் தாங்காது. சொல்லப்போனால் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதை எடுக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் செய்ததைக் கண்ணால் பார்த்தோம். தப்பியவர்களுக்கு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மறுபடி எடுக்க அரச அலுவலகம் இருக்கிறது, கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். மீட்புச் சொற்களை மறுபடி கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் உடனே வெளியேற வேண்டும், பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படித் தயங்காமல் ஓடுவதற்காகவே இன்னொரு பிரதி இன்னோர் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னோர் இடம் என்றால் மேல் லயம் கீழ் லயம் அல்ல. ஒரே சரிவில் இருக்கும் இரண்டு வீடும் ஒரே மழையில் போகும். ஹட்டன் பக்கத்துக்குப் பெருமழை தென்மேற்குப் பருவக்காற்றோடு, மே மாதத்திலிருந்து வரும். ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்கு மழை அதிகமாக ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் ஓர் உறவுக்காரர் இருந்தால் அவர் வீடு சிறந்த இடம். டித்வா மாதிரி இரண்டு பக்கத்தையும் அடிக்கும் புயலும் உண்டு என்பதால், முடிந்தால் அந்த வீடு சரிவில் இல்லாமல் டவுனில் இருப்பது நல்லது. இவர்களுக்கு ஹப்புத்தளை டவுனில் தாய்மாமா இருக்கிறார். ஒரு தகடு அம்மாவின் கவருக்குள், இன்னொன்று முத்திரையிட்ட உறையில் மாமாவின் அலுமாரிக்குள் என்று முடிவானது.

சிலர் 24 சொல்லை 12, 12 ஆகப் பிரித்து இரண்டு இடத்தில் வைக்கலாமே என்பார்கள். வேண்டாம். எந்தப் பாதி போனாலும் முழுதும் போய்விடும். பிரதி எடுத்த பயனே இல்லாமல் போகிறது. முறையாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஆதி ஷமீர் 1979இல் சொன்ன கணித முறை இருக்கிறது. ரகசியத்தை மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும், ஒன்று மட்டும் கிடைத்தால் எதுவுமே தெரியாது என்று வைக்கலாம். ட்ரெசர் கருவிகள் சில இதற்கு இடம் தருகின்றன. அழகான முறை. பெரிய தொகை வைத்திருப்பவர், மூன்று நம்பிக்கையான வீடு உள்ளவர் செய்யட்டும். 24 சொற்களோடு நாமே ஒரு ரகசிய வார்த்தையைக் கூடுதலாகச் சேர்க்கும் வசதியும் உண்டு. அதைக் குடும்பத்துக்காக வைக்கும் வொலட்டில் நான் ஆதரிப்பதில்லை. அந்த வார்த்தையில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கருவி பிழை என்று சொல்லாது. வேறொரு வெறும் வொலட்டைத் திறந்து காட்டும். பணம் இல்லை போலிருக்கிறது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

சொல்ல வேண்டியது எது

இனி அந்த அறிவுரையின் மற்றப் பாதி. தோட்டத்தில் வேலைக்குச் சேரும்போதே சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளி யார் என்று எழுதிக் கொடுக்கிறோம். இறந்துபோனால் அந்தப் பணம் யாருக்கு என்பது அங்கேயே பதிவாகிவிடும். வங்கிக் கணக்கு என்றால் மரணச் சான்றிதழோடு போய்க் கேட்கலாம், தேவைப்பட்டால் நீதிமன்றம் போகலாம். வொலட்டுக்கு அப்படி ஒரு படிவமும் இல்லை, கேட்க ஒரு கவுண்டரும் இல்லை. அந்தப் பையன் விஷயத்தில், வேலை கொடுத்த மனிதர் நன்றியோடு ஒரு மெசேஜ் போட்டிருக்காவிட்டால் அக்காவுக்குப் பணம் இருப்பதே தெரிந்திருக்காது. கருவியைப் பழைய பென் டிரைவ் என்று நினைத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பார்கள். அட்டை கவருக்குள்ளேயே, யாருக்கும் அர்த்தம் தெரியாமல், இன்னொரு தலைமுறைக்குக் கிடந்திருக்கும்.

சொற்கள் வேறு, அப்படி ஒன்று இருக்கிறது என்ற செய்தி வேறு. சொற்களை மறைக்க வேண்டும். செய்தியை ஒருவருக்காவது சொல்லியே ஆக வேண்டும். லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் சொல்கிறேன். இந்தக் காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவில் பதில் வரும்; “அவன்கிட்ட இலட்சக்கணக்கா பிட்கொயின் இருக்காம்” என்று வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களம் வரைக்கும் போய்விடும். ஆகவே கொழுந்து மலைப் பாதையில் நடந்துகொண்டே சொல்லுங்கள். தொகையைச் சொல்லாதீர்கள். பேச்சோடு விடாமல் தமிழில், கையெழுத்தில், ஒரு கடிதம் எழுதி வையுங்கள். அதில் சொற்கள் இருக்கக் கூடாது. என்ன கருவி, எந்தச் செயலி, மொத்தம் எத்தனை சொற்கள், தகடு யார் வீட்டில், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, இவை இருக்க வேண்டும். கருவியில் தவிர வேறு எங்கேயும் சொற்களைத் தட்டக் கூடாது என்பதைப் பெரிதாக எழுதுங்கள். கம்பனியிலிருந்து பேசுகிறோம், சரிபார்க்கச் சொற்களைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் அவன் திருடன்தான் என்பதையும் எழுதுங்கள்.

போனில் படம் எடுத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். துக்க வீட்டில் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி யாரிடமாவது கேட்கத்தான் தோன்றும். படம் தானாகவே கிளவுடுக்குப் போகும். 2025 பெப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கெட் என்ற தீநிரலைப் பற்றி எழுதியது. போனில் இருக்கும் படங்களை வாசித்து, மீட்புச் சொற்கள் மாதிரி ஏதாவது இருந்தால் திருடுவதே அதன் வேலை. கூகுள் பிளேயில் மட்டுமல்ல, அப்பிள் அப் ஸ்டோரில் இருந்த செயலிகளிலும் அது இருந்திருக்கிறது.

கடிதத்தை எழுதியவரே வாசித்துச் சரி பார்ப்பதில் பயனில்லை. அக்கா எழுதியதை நாங்கள் இப்படிச் சோதித்தோம். புதுச் சொற்களுக்குப் பணத்தை மாற்றுவதற்கு முன்னால், அந்த வொலட் வெறுமையாக இருக்கும்போதே, மாமாவை வரச் சொன்னோம். அவர் கையில் கருவி, கடிதம், தகடு மட்டும். அக்கா அறைக்குள்ளேயே வரக் கூடாது. மாமா கடிதத்தில் இருந்தபடி மூன்று தடவை பின்னைப் பிழைத்துக் கருவியை அழித்தார். சொற்களை ஏற்றத் தொடங்கினார். 24ஐயும் முடித்ததும் கருவி ஏற்கவில்லை. மறுபடி செய்தார், மறுபடியும் ஏற்கவில்லை. தகட்டில் அக்கா இரண்டு நிரலாக, மேலிருந்து கீழாக அடித்திருந்தாள். இலக்கம் அடிக்கவில்லை, கடிதத்திலும் எந்தப் பக்கமாக வாசிப்பது என்று இல்லை. மாமா இடமிருந்து வலமாக, குறுக்கே வாசித்துக்கொண்டு போயிருக்கிறார். நிரல்படி வாசித்ததும் முதல் தடவையிலேயே திறந்தது. அன்றைக்கே இரண்டு தகட்டிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் 1 முதல் 24 வரை இலக்கம் அடித்தார்கள். கடிதத்தில் வரிசையைப் பற்றி ஒரு வரி சேர்ந்தது. அதன் பிறகுதான் பணத்தை மாற்றினோம். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பெட்டியை வெளியே எடுக்கும்போது கவரைக் காயவைத்து, தகட்டையும் கடிதத்தையும் பார்த்துக்கொள்வதென்று பேசி வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கும் வயதாகிறது என்பதால், அந்தப் பக்கத்துத் தகட்டை அடுத்து யார் பொறுப்பேற்பது என்று அக்கா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.